உள்ளறைப் பெண்கள்

லக்தார் ஊருக்குள் நுழைந்தான். அத்தி மரங்கள் அப்படியே நின்றன, ஆட்கள்தான் இல்லை. உள்நாட்டுப் போரில் மலையிலிருந்து துப்பாக்கியும் கத்தியுமாக இறங்கியவர்கள் ஒரே மாலையில் ஊரை முடித்துவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அன்று சந்தைக்குப் போயிருந்ததால் அவன் பிழைத்தான். மனைவி வர்தாவும் இரண்டு தங்கைகளும் பிழைக்கவில்லை.

இப்போது தலைநகர் அல்ஜியர்ஸின் புறநகரில் ஒரு தகரக் கொட்டகை. அதையும் இடிக்கப் போகிறார்களாம். புது மனைவிக்கு நிறைமாதம். பிறக்கும் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டுமே என்றுதான், மனதைக் கல்லாக்கிக்கொண்டு பழைய வீட்டைப் பார்க்க வந்தான். துணைக்கு அவளுடைய அண்ணன் தையிப்.

வாசலில் நின்றதும் பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கூவியது.

"வழி! வழி!"

வேற்று ஆண் கூட வந்தால் குரல் கொடுத்துவிட்டு, பெண்கள் உள்ளறைக்குப் போகும்வரை வெளியே நிற்பதுதான் அங்கே மரியாதை. அன்றைக்கு வந்தவர்கள் குரல் கொடுக்கவில்லை.

தையிப் சிரித்தான். "யாருக்கு மச்சான் வழி? எலிக்கா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே செருப்பு உரசும் ஓசை. வளையல் சத்தம். யாரோ யாரையோ "உஸ்" என்று அடக்கினார்கள். பிறகு ஒரு கதவு மூடியது.

தாழ்ப்பாள் விழுந்தது.

"போயிடலாம் மச்சான்," தையிப் கிசுகிசுத்தான். "இந்த வீடு வேணாம்."

லக்தார் காதில் வாங்கவில்லை. முற்றத்துப் புழுதியில் ஒரு காலடிகூட இல்லை. எங்கிருந்தோ சுடச்சுட ரொட்டி வேகும் மணம் வந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளிப் பார்த்தான். உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"வர்தா..."

கதவின் அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"அவனுங்க போயிட்டானுங்களா?"

அவள் குரலேதான். பயத்தை முந்திக்கொண்டு அவனுக்கு அழுகை வந்தது.

"எல்லாரும் போயிட்டானுங்கடி. நான்தான் வந்திருக்கேன்."

வளையல் சத்தம் கதவருகே வந்தது.

"இல்லையே. ஒருத்தன் உங்க பின்னாலயே நிக்கிறான்."

லக்தார் திரும்பினான். தையிப்பின் முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"நான் யாரையும் தொடல மச்சான். சத்தியமா! அன்னைக்கு வாசல்ல காவலுக்கு மட்டும்தான் நின்னேன்."

பிறக்கப்போகும் பிள்ளைக்கு இவன்தான் தாய்மாமன்.

லக்தாரின் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.