ஏதென்ஸில் தொலைந்த பதின்மூன்று பவுண்

யோகராணியின் தாலிக்கொடியின் விலை பதினாறாயிரத்து நானூறு டொலர். தாலிக்கு யாராவது விலை போடுவார்களா என்று முகம் சுளிப்பவர்கள் காப்புறுதிக் கம்பனியோடு வியாபாரம் செய்யாதவர்கள். அங்கே எல்லாவற்றுக்கும் விலை உண்டு, பேரம்தான் கிடையாது.

கொடி தொலைந்தது ஏதென்ஸில். செப்டெம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். அக்ரோபொலிஸ் குன்றைப் பார்த்து முடித்து, நெரிசலான மெத்ரோவில் வந்து மோனாஸ்டிராகி நிலையத்தில் இறங்கினார்கள். யோகராணி கழுத்தைச் சுற்றியிருந்த சால்வைக்குள் கையை விட்டாள். கை வெறுமையாக வந்தது.

"இஞ்சேருங்கோ, கொடியைக் காணேல்லை."

கணவர் பேரின்பநாதன் திரும்பிப் பார்த்தார். கூட வந்திருந்த அவருடைய தங்கை துஷாந்தினி போட்ட 'ஐயோ'வில் நடைமேடையில் நின்ற பொலிஸ்காரர் இருவர் ஓடி வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த நிலையத்தில் அந்த 'ஐயோ'வுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். உலகத்திலுள்ள எல்லா மொழியிலும் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாள் சுற்றுலாவின் மூன்றாம் நாள் அது.

பத்து நாட்களுக்குப் பிறகு, மொன்றியல். காப்புறுதிக் கம்பனியின் விசாரணையாளர் மாக்கிரட் தன் மேசையில் அந்தச் சுற்றுலாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துஷாந்தினியின் போனில் இருந்த இருநூறு படங்களையும் அத்தாட்சி என்று பேரின்பநாதன் அள்ளி அனுப்பியிருந்தார். மாக்கிரட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருநகரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். மொன்றியலில் எரிந்த கடைகளில் எவை தாமாக எரிந்தன என்று சாம்பலைப் பார்த்தே சொல்லக்கூடியவள்.

மேலதிகாரி எலிசா அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. குன்றின் மேல் கல்லாலான ஆறு பெண்கள் தலையில் கூரையைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் யோகராணி. காற்று சால்வையின் ஒரு முனையைத் தூக்கியிருக்கிறது. வெள்ளைச் சட்டையின் கழுத்து விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை.

"கடுகு. ஹொட்டோக் சாப்பிட்டிருப்பாள்," என்றாள் எலிசா பிரெஞ்சில். "பொலிஸ் அறிக்கை இருக்கிறது. படம் இருக்கிறது. காசைக் கொடுத்துக் கோப்பை மூடு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எந்த யாழ்ப்பாணத்துச் சைவக்காரி ஹொட்டோக் சாப்பிடுவாள்? மாக்கிரட் கார்ச் சாவியை எடுத்தாள்.

சனிக்கிழமை, காலை பத்து மணி. மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் பேரின்பநாதனின் வீடு. தெப்பனர் என்கிற மூலைக்கடைகள் இரண்டின் முதலாளி, சங்கத் தலைவர், ஊரில் எந்த மேடையிலும் முதல் மாலை விழுகிற கழுத்து. மாக்கிரட் ஒவ்வொருவரோடும் தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள். அவர்தான் முதலில் வந்து அமர்ந்தார்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கதைப்பம், தங்கச்சி."

"குடிச்சுக்கொண்டே கதைப்பம், அண்ணை. அண்டைக்குக் கொடி அக்காவின்ர கழுத்தில கிடந்ததோ?"

"கிடவாமல்? கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசம், அவ கழட்டினதே இல்லை. ஒரேயொருக்கா, போன வருசம், மினுக்கக் குடுத்தது. அதுவும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்து, எட்டாம் நாள் எடுத்து வந்தனான்."

"ஏதென்ஸில கள்ளர் கூட எண்டு கேள்விப்படேல்லையோ?"

"என்னை ஆரெண்டு நினைச்சீர்? போய் இறங்கின உடன பாஸ்போட், என்ர மோதிரம், மணிக்கூடு, துஷாந்தினியின்ர காப்புச் சோடி எல்லாத்தையும் ஹோட்டல் பெட்டகத்தில வைச்சுப் பூட்டிப்போட்டன். ஒரு துரும்பு போகேல்லை."

"கொடி மட்டும் போயிட்டுது."

"தாலியைக் கழட்டு எண்டு ஒரு புருசன் வாயால சொல்லேலுமே? உமக்குத் தெரியாததே, தங்கச்சி."

"ஓம், அதுவும் நியாயம்தான்," என்றாள் மாக்கிரட்.

அடுத்தது துஷாந்தினி. சாட்சி சொல்வதற்காகவே பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து பட்டுச் சேலையில் வந்திருந்தாள்.

"என்ர அண்ணை தங்கமான மனுசன். மச்சாளை ஒரு சொல்லு ஏசேல்லை, தெரியுமே? முதல் நாள் தண்ணிப் போத்தல் மூண்டு யூரோ எண்டதுக்குக் கடைக்காரனோட அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சவர். கொடி போனதுக்கு, 'போனது போகட்டும், காப்புறுதி இருக்கு' எண்டு சொல்லி, மச்சாளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தவர்."

"என்ன ஐஸ்கிறீம்?"

"பிஸ்தா. இரண்டு குண்டு."

"அக்கா அழுதவவோ?"

"அவ எங்க அழுறது! கல்லு. ஆனா பழக்கவழக்கம் தெரிஞ்சவ. அண்டைக்குப் பின்னேரமே ஹோட்டல் அறையில மஞ்சள் துண்டு கோத்த கயிறு கட்டிப்போட்டா. இப்பவும் அதுதான் கழுத்தில."

"உங்கட மகன்ர கலியாணம் போன வருசம்தானே?"

துஷாந்தினியின் முகம் மலர்ந்தது. "ஓம், பிருந்தனுக்கு. பொம்பிளை சாருஜா. கொடி மாப்பிள்ளை வீட்டாக்கள்தானே செய்யோணும்? எங்களுக்கு அந்த நேரம் கை இறுக்கம். தங்கம் முழுக்க அண்ணை குடுத்தவர். மணவறையில சனம் வாயைப் பிளந்தது."

"வடிவான கொடியோ?"

"மொத்தக் கொடி! விரல் தடிப்பு."

கடைசியாக யோகராணி. கழுத்தில் மஞ்சள் கயிறு. எதிரில் இருப்பவர் எவ்வளவு தருவார் என்று ஏற்கெனவே தெரிந்துகொண்ட கடைக்காரியைப்போல அமைதியாக இருந்தாள்.

"அக்கா, கொடி என்னெண்டு வந்தது?"

"கட்டேக்க மூண்டு பவுண். மிச்சம் பத்தும் ஷபனெல் வீதித் தொழிற்சாலையில கோட்டுத் தைச்சு நான் சேர்த்தது. ஒவ்வொரு குளிருக்கும் ஒரு பவுண். சேரச் சேர உருக்கி முறுக்கினது."

"ஏதென்ஸில என்ன பாத்தீங்கள்?"

"கல்லுப் பொம்பிளையளைப் பாத்தன். ஆறு பேர். தலையில கூரையைத் தாங்கிக்கொண்டு நிக்கினம். பாவமாக் கிடந்தது. பேந்துதான் கைட் சொன்னவன், அதில நிக்கிறது நகலாம். அசலைக் கழட்டி எப்பவோ கொண்டுபோயிட்டினமாம். அது தெரியாம சனம் முண்டியடிச்சுப் படம் எடுக்குது."

"நீங்களும் நிண்டு எடுத்தனீங்கள்."

"ஓம். எனக்கு அந்த இடம்தான் பொருத்தமாப் பட்டுது."

"காப்புறுதி விண்ணப்பத்தில உங்கட கையெழுத்து இல்லை."

"கை நோகுது."

"ஏதென்ஸ் பொலிசுக்கு என்ன சொன்னீங்கள்?"

"என்னை ஆர் கேட்டவை? அவர்தான் கதைச்சவர். எல்லா இடத்திலையும் அவர்தானே கதைக்கிறது."

அவள் சொன்ன குரலில் கோபம் இல்லை. ஆறிப்போன கோபம் அப்படித்தான் இருக்கும். இறைச்சிக்கறி மாதிரி அது மறுநாள்தான் உறைக்கும்.

பதினொன்றரைக்கு மாக்கிரட் மூவரையும் வரவேற்பறையில் இருத்தினாள். ஒரு தாளைப் பேரின்பநாதனின் முன்னால் வைத்தாள்.

"அண்ணை, இது கடைசி உறுதிமொழி. களவுபோனது இருபத்திரண்டு கரட் தங்கம், பதின்மூண்டு பவுண், அண்டைக்கு அக்காவின்ர கழுத்தில கிடந்தது. இதில பொய் இருந்தா வில்லங்கம். வேண்டாமெண்டா இப்பவே விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கலாம். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"நான் ஏன் திருப்பி எடுக்கிறன்?" என்று சிரித்தார் பேரின்பநாதன். கையெழுத்துப் போட்டார். தலைவர்கள் போடுகிற நீளமான கையெழுத்து. யோகராணி அந்தப் பேனையின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசிப் புள்ளியை வைத்த பிறகுதான் கண்ணை எடுத்தாள்.

மாக்கிரட் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"மூண்டாம் நாள் காலமை ஒன்பது மணி. கொடி 'போனது' பன்னிரண்டேகாலுக்கு. சட்டைக் கழுத்தில இருக்கிற கறையைப் பாருங்கோ. எங்கட கந்தோரில இதைக் கடுகு எண்டவை. போன மார்கழியில என்ர கொடியின்ர கொளுக்கி உடைஞ்சு திருத்தக் குடுத்தனான். அந்தக் கிழமை என்ர சட்டையெல்லாம் இந்தக் கறைதான். மஞ்சள். நாங்கள் கொடியைக் கழட்டிறதுக்கு முதல் மஞ்சள் கயிறைக் கட்டுவம். கழுத்து ஒரு நிமிசமும் வெறுமையா இருக்கக் கூடாது. கள்ளன் கத்தரிக்கோலோட வருவான். மஞ்சள் கயிறோட வரமாட்டான்."

மாக்கிரட் போனை மேசையில் வைத்தாள்.

"இன்னொண்டு. அண்டைக்குப் பின்னேரம் அக்கா கயிறு கட்டினதைத் துஷாந்தினி கண்டவ. திடீரெண்டு களவுபோன கொடிக்கு, ஏதென்ஸ் ஹோட்டல் அறையில, மஞ்சள் துண்டு எங்கால வந்தது? மொன்றியலில இருந்து கையோட கொண்டுபோனது. அக்கா, கொடியைக் கழட்டினது நீங்கள்தான்."

பேரின்பநாதன் துள்ளி எழுந்தார். "அடி பாவி! நீயோ? தங்கச்சி, எழுதும்! இந்த மனுசிதான் என்னையும் ஏமாத்தி, உங்களையும் ஏமாத்தி..."

"நான் அப்பவே நினைச்சனான்," என்றாள் துஷாந்தினி. பொய்யைத் தானே கண்டுபிடித்த பெருமை அவளுடைய குரலில் இருந்தது.

யோகராணி அவசரப்படாமல் எழுந்து குசினிக்குப் போனாள். ஒரு தயிர் டப்பாவும் மாவு நிறுக்கிற தராசும் கொண்டு வந்தாள். டப்பாவுக்குள்ளிருந்து தாலிக்கொடியை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"நிறுத்துப் பாரும், மாக்கிரட்."

பதின்மூன்று பவுண் என்றால் நூற்றுநான்கு கிராம் இருக்க வேண்டும். தராசு ஐம்பத்தெட்டில் நின்றது. கொளுக்கியடியில் முலாம் தேய்ந்து பச்சை படர்ந்திருந்தது. மாக்கிரட் சாவி முனையால் ஒரு கீறல் போட்டாள்.

"பித்தளை," என்றாள். பேரின்பநாதன் தானாக அமர்ந்தார்.

"எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம், அண்ணை. மோதிரம் பெட்டகத்தில. மணிக்கூடு பெட்டகத்தில. தங்கச்சியின்ர காப்பும் பெட்டகத்தில. பதின்மூண்டு பவுண் மட்டும் மெத்ரோவில. தாலியைக் கழட்டச் சொல்லேலாது, சரி. டாக்சி பிடிச்சிருக்கலாமே? தண்ணிப் போத்தலுக்கு அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிற மனுசன், கொடி போனதுக்கு இரண்டு குண்டு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தவர். நட்டம் வந்தவன் ஐஸ்கிறீம் வாங்கமாட்டான். போன வருசம் எட்டு நாள் 'மினுக்க'க் கொண்டுபோனீங்கள். அந்த நேரம்தான் மருமகன்ர கலியாணத்துக்கு மொத்தக் கொடி ஒண்டு செய்தது. அக்காவின்ர கொடியைக் களவெடுத்தது நீங்கள். ஏதென்ஸில இல்லை. இஞ்ச, இந்த வீட்டில."

துஷாந்தினி தன் சேலைத் தலைப்பையே பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்று அந்தப் பார்வை சொன்னது.

"எப்ப கண்டுபிடிச்சீங்கள், அக்கா?"

"வந்த அண்டைக்கே பாரம் குறைவு. கேட்டன். மினுக்கினா எடை குறையும் எண்டவர். வெயில் காலம் கழுத்தில பச்சை ஊறிச்சுது. தங்கம் வாங்கிற கடையில கொண்டுபோய்க் காட்டினன். ஒரு துளி அசிட் விட்டான், நுரைச்சுது."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, நான்தான் வித்துப்போட்டன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். அவற்ர வாய்க்கு முன்னால என்ர வாய் எடுபடாது. எனக்கு அவற்ர கையெழுத்து வேணும். பித்தளை எண்டு தெரிஞ்சுகொண்டு தங்கம் எண்டு போட்ட கையெழுத்து."

"அவர் ஆசைப்படாமல், விண்ணப்பமே போடாமல் விட்டிருந்தா?"

"விட்டிருந்தா, நாலு நாள் வடிவா ஊர் சுத்திப் பாத்திட்டு வந்ததோட முடிஞ்சிருக்கும்." முதல் தடவையாக யோகராணி சிரித்தாள். "முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தினனான், பிள்ளை. அவர் விடமாட்டார் எண்டு தெரியும்."

"எல்லாம் சரி. பித்தளையைக் கழட்டப் போறீங்கள். அதுக்கு ஏன் மஞ்சள் கயிறு? அது இல்லாட்டி எனக்கு ஒண்டும் பிடிபட்டிராது."

யோகராணி கொஞ்சம் யோசித்தாள். "சூட்கேஸ் அடுக்கேக்கையே கை தானா எடுத்து வைச்சிட்டுது. வெறுங்கழுத்தோட குன்றுக்கு ஏற மனம் வரேல்லை."

விண்ணப்பம் தள்ளுபடியானது. அதோடு பேரின்பநாதனின் வீடு, கார், இரண்டு கடைகள் ஆகிய எல்லாவற்றின் காப்புறுதியையும் கம்பனி வெட்டியது. வேறு கம்பனிகள் அவருடைய பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தின. கடைசியில் ஒன்று மூன்று மடங்கு கேட்டது. பேரம் பேசினார். நான்கு மடங்கு என்றது.

அடுத்த கிழமை பிருந்தனின் மனைவி சாருஜா வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் சிறிய பெட்டி. "மாமி, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது," என்று அழுதாள். யோகராணி பெட்டியைத் திறந்தாள். தன் பத்துக் குளிர்காலங்களையும் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"உம்மட கொடியை நீர் போடும், பிள்ளை. எனக்குத் தரவேண்டிய ஆள் வேற."

அந்த ஆளுக்கு அவள் போட்ட நிபந்தனை இரண்டு. காசாக வேண்டாம்; தங்கமாக, எடைக்கு எடை, அன்றன்றைய விலையில் வாங்கித் தர வேண்டும். கடைசிப் பவுண் வந்து சேரும் வரைக்கும் மஞ்சள் கயிறு கழுத்திலேயே கிடக்கும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகும்போது அந்தக் கயிற்றைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டாள். சங்கத் தலைவரின் மனைவி கயிற்றோடு நிற்பதைக் கண்ட பெண்கள் விடுவார்களா?

"என்ன யோகராணி, கொடி எங்க?"

"அவரைக் கேளுங்கோ."

கேட்டார்கள். மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்ற பேரின்பநாதன் வாரத்துக்கு வாரம் வேறு வேறு பதில் சொன்னார். மார்கழி பிறந்தபோது சங்கத்துக்குப் புதிய தலைவர்.

வைகாசியில், பனி முழுக்கக் கரைந்த பிறகு, கணக்கு இப்படி நின்றது. காப்புறுதிக் கம்பனி தந்தது, ஒரு சதமும் இல்லை. ஏதென்ஸில் நான்கு நாள், மூன்று பேருக்கும், ஐஸ்கிறீம் உட்பட, பேரின்பநாதனின் செலவு. எடுத்த தங்கம் பதின்மூன்று பவுண். திரும்பி வந்தது நான்கு. நிலுவை ஒன்பது, தங்கம் இந்த வாரமும் ஏறியிருக்கிறது.