பறக்கும் குதிரையும் ஒரு கட்டு விறகும்

தஸ்லிமாவின் நோட்டில் இருபத்து மூன்று டிக் இருந்தது. இருபத்து நான்காவது கட்டம் மட்டும் காலி. பல் விழுந்த இடத்துக்கே நாக்கு திரும்பத் திரும்பப் போகுமே, அதுபோல அவள் கண் அந்தக் கட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"மணி ஆறு அம்பது. இனிமே அவன் வர மாட்டான்" என்றான் போனுக்குள்ளிருந்து செல்வகணேஷ்.

"ஏழு வரைக்கும் நேரம் இருக்குல்லா?" என்றாள் தஸ்லிமா.

"நேத்தே அவன் மூஞ்சி சரியில்ல" என்றது பூங்கொடியின் குரல்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். மணி ஏழு ஆனது. சமையலறையிலிருந்து அம்மா பௌசியா வந்து கையை நீட்டினாள். தஸ்லிமா போனைக் கொடுத்துவிட்டாள். தினமும் ஆறரை முதல் ஏழு வரைதான் அவளுக்குப் போன். ஏழு அடித்த பிறகு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

வராமல் போனவன் இசக்கிராஜா. நான்கு பேரும் கோவில்பட்டியில் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறார்கள். போனில் 'நிழல் கோட்டை' என்ற விளையாட்டில் நான்கு பேரும் ஓர் அணி.

அந்த விளையாட்டில் தினமும் ஒரு கல்பூதம் வரும். ஒருவர் வாளால் அடிக்க வேண்டும். ஒருவர் அம்பு விட வேண்டும். அடிபட்டவர்களுக்கு ஒருவர் மருந்து கொடுக்க வேண்டும். இன்னொருவர் காட்டுக்குள் போய் விறகு கொண்டுவந்து, கோட்டை வாசலில் எரியும் தீயைக் காப்பாற்ற வேண்டும். தீ அணைந்தால் எல்லோரும் தோற்றார்கள்.

இப்படி முப்பது நாள் தாக்குப்பிடித்தால் அணிக்கு ஒரு பறக்கும் குதிரை கிடைக்கும். வெள்ளைக் குதிரை! றெக்கை மட்டும் நீலம்!

ஆனால் ஒரு விதி உண்டு. ஆள் குறைந்தாலும், தீ அணைந்தாலும், இரண்டு முறைதான் மன்னிப்பு. மூன்றாவது முறை தவறினால் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைக்கு ஒரு மன்னிப்பு போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளியில் மணி அடிப்பதற்கு முன்பே தஸ்லிமா அவனைப் பிடித்துவிட்டாள்.

"ஏலே, நேத்து ஏன் வரல?"

இசக்கிராஜா செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன்ல சார்ஜ் இல்ல."

தஸ்லிமாவுக்கு அப்பாடா என்று இருந்தது. சார்ஜ்தானே! மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவள், அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவிடம் கேட்டு ஒரு பவர் பேங்க் வாங்கி வந்தாள். "இத வச்சுக்கோ. முழுசா சார்ஜ் ஏத்தியிருக்கு. இந்தா, ஒயரு. இது சின்ன வாய் ஒயரு, இது பெரிய வாய் ஒயரு. உன் அம்மா போனுக்கு எதுன்னு தெரியல, அதான் ரெண்டையும் கொண்டாந்தேன்."

இசக்கிராஜா மூன்றையும் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமும் அவன் வரவில்லை.

இரண்டாவது மன்னிப்பும் போயே போய்விட்டது. "நாளைக்கும் அவன் வரலைன்னா அவ்வளவுதான். குதிரைக்கு டாட்டா காட்டிர வேண்டியதுதான்" என்று செல்வகணேஷ் கத்தினான்.

தஸ்லிமா நோட்டை எடுத்தாள். எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு யோசனை ஓடும். 'சார்ஜ் – கொடுத்தாச்சு. டவர் – கேட்கணும். காய்ச்சல்? – மூக்கு ஒழுகவில்லை.' அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, 'நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?' என்று எழுதினாள். பிறகு அதை அழித்தாள். மறுபடியும் எழுதினாள்.

சனிக்கிழமை காலையில் அத்தா செய்யது அலி லோடு ஆட்டோவில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை அவருடையது.

"எங்க அத்தா போறீங்க?"

"கரி போடுற எடத்துக்கு. வேல்சாமி எண்பது சாக்கு கேட்டாரு."

வேல்சாமி என்றால் இசக்கிராஜாவின் அப்பா! தஸ்லிமா நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் தாவி ஏறினாள்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. முந்தாநாள் பெய்த மழையில் மண் அல்வாபோல் குழைந்து கிடந்தது. ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. பத்து அடி வைப்பதற்குள் தஸ்லிமாவின் செருப்பில் இன்னொரு செருப்பளவு மண் ஒட்டியது. இருபது அடியில் அவள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள்.

தூரத்தில் பெரிய மண்மேடு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. வேலிக்கருவை விறகை வட்டமாக அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே மெதுவாக வேக விடுவார்கள். சில நாளில் விறகு கரியாகிவிடும். அதைக் கரிமூட்டம் என்பார்கள்.

"வாங்க பாய்! சாக்கு வந்துட்டா?" என்று வேல்சாமி எதிரே வந்தார். பெரியவர்கள் இருவரும் ஆட்டோவுக்குத் திரும்பிப் போனார்கள்.

மேட்டுக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். ஒரு பெரிய கருவைக் கிளை தானாகவே நகர்ந்து வருவதுபோல் வந்தது. அதற்கு முன்னால், முகமெல்லாம் கரியாக, பல் மட்டும் வெள்ளையாக இசக்கிராஜா.

"ஏட்டி! நீ எங்க இங்கன?"

"நீ என்னலே பண்ணுத?"

"பாத்தா தெரியலயா? லீவு நாள்ல அப்பாவுக்குச் சோறு கொண்டுட்டு வருவேன். வந்தா சும்மாவா இருக்க முடியும்? கெளைய இழுத்துப் போடுவேன்." கிளையைக் கீழே போட்டுவிட்டு, மரத்தில் தொங்கிய தூக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். "இந்தா, உன் பவர் பேங்க்."

தஸ்லிமா அதன் பொத்தானை அமுக்கினாள். நான்கு விளக்கும் எரிந்தன. கொடுத்தபோது இருந்த அதே நான்கு.

"சார்ஜ் இல்லேன்னு சொன்ன?"

இசக்கிராஜா கையிலிருந்த முள்ளைப் பிடுங்கினான். பிடுங்கி முடித்த பிறகும் பிடுங்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் படபடவென்று கொட்டிவிட்டான்.

"இங்கன வந்தா விறகு. சரி, அது வேல. சாயங்காலம் ஆசையா போனத் தொறந்தா அங்கனயும் விறகா? நீங்க மூணு பேரும் பூதத்த அடிக்கீங்க. 'ஏ அடி, ஏ விடாத'ன்னு கத்துதீங்க. எனக்குக் காட்டுக்குள்ள சத்தம் மட்டும்தான் கேக்குது. இருபத்து மூணு நாளா அந்தப் பூதத்துக்கு மூக்கு இருக்கா இல்லையான்னுகூட நான் பாத்ததில்ல!"

தஸ்லிமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது.

அவள் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் நாளே மூன்று முறை அழித்து எழுதி அவள் போட்ட திட்டம் அது. 'தஸ்லிமா – வாள். செல்வகணேஷ் – வில். பூங்கொடி – மருந்து. இசக்கிராஜா – விறகு.' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பழக்கம் உண்டு' என்று எழுதியிருந்தாள். எழுதியபோது அது ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பூதத்தை அடித்தாலும், மருந்து கொடுத்தாலும் நட்சத்திரம் விழும். நட்சத்திரம் சேர்ந்தால் புது உடை கிடைக்கும். தஸ்லிமாவின் வீராங்கனைக்கு மயில்தோகைக் கிரீடம் வந்துவிட்டது. செல்வகணேஷுக்கு வெள்ளிக் கவசம், பூங்கொடிக்கு ஜொலிக்கும் பச்சை அங்கி. விறகுக்கு நட்சத்திரமே கிடையாது. இசக்கிராஜாவின் வீரன் முதல் நாள் போட்ட கிழிந்த சட்டையோடுதான் இன்னமும் திரிகிறான்.

இதைத் தினமும் பார்த்தும் அவள் கவனித்ததே இல்லை.

"இன்னைக்கு வாள் உனக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத."

அவள் பென்சிலை எடுத்து, அவன் கண்முன்னாலேயே அடித்து எழுதினாள்.

"அப்போ விறகு?"

"நான்."

இசக்கிராஜா அவளை மேலும் கீழும் பார்த்தான். செருப்பில் ஒட்டிய மண்ணையும் பார்த்தான். "உனக்கு மரத்துக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியுமாட்டி?"

"தெரியும்லே! ஆறரைக்கு வந்து சேரு."

சாயங்காலம் போனில் மற்ற இருவரும் குதித்தார்கள். "இன்னும் அஞ்சே நாள்! அவன் வாளைத் தலகீழாப் பிடிப்பான்!" என்றான் செல்வகணேஷ்.

"குதிரை வரட்டும் தஸ்லி, அப்புறம் வாளக் குடுப்போம். அஞ்சு நாள்தானே?" என்றாள் பூங்கொடி.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. குதிரையின் நீல றெக்கை ஒரு முறை தஸ்லிமாவின் கண்ணுக்குள் அடித்துக்கொண்டது. அவளுக்கு மட்டும் அந்தக் குதிரை மேல் ஆசை இல்லையா என்ன?

"பூங்கொடி, உன் பச்சை அங்கியக் கழட்டிட்டு அந்தக் கிழிஞ்ச சட்டையப் போட்டுக்கிடுதியா? அஞ்சு நாள்தானே?"

பூங்கொடி, "சரி, குடு" என்றாள்.

அதற்குள் இசக்கிராஜாவும் வந்துவிட்டான். வாளை வாங்கினான். பூதம் வந்தது.

"ஆத்தாடி, இவ்வளவு பெருசா!" என்று அலறினான். "ஏலே, இதுக்கு மூக்கு இருக்குலே! பூசணிக்கா மாதிரி!"

"பேசாம அடிலே!" என்றான் செல்வகணேஷ்.

முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது வீச்சில் கோட்டைக் கதவு உடைந்தது. மூன்றாவது வீச்சு நேராகப் பூதத்தின் முழங்காலில் விழுந்தது. பூதம் ஒற்றைக் காலில் நொண்டியடித்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் போன் கீச்சிட்டது.

காட்டுக்குள் தஸ்லிமாவுக்குச் சிரிக்க நேரமில்லை. ஒரு மரத்துக்கு எட்டு வெட்டு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டி முடித்தால் வந்த வழி மறந்துபோனது. ஓடிவந்து தீயில் கட்டையைப் போட்டால் குபுகுபுவென்று புகை வந்தது.

"ஏட்டி, பச்சை மரத்தப் போடாத! தீ அணையுது!" என்று கத்தினான் இசக்கிராஜா. "இலை இல்லாத மரமாப் பாத்து வெட்டு! ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கும்!"

"எந்த ஓடை?"

"அதான், ரெண்டு பாறைக்கு நடுவுல ஓடுமே!"

"எந்தப் பாறை?"

ஓடை கிடைத்தது. காய்ந்த மரமும் கிடைத்தது. ஏழு வெட்டு வெட்டிவிட்டாள். எட்டாவது வெட்டுக்குக் கோடரியை ஓங்கும்போது திரை இருண்டது.

தீ அணைந்துவிட்டது.

'நாள்: 1' என்று எழுத்து வந்தது.

தஸ்லிமாவுக்குக் காது சூடாகியது. வாள் பிடித்தவனால் தோற்கவில்லை. அம்பு விட்டவனாலும் இல்லை. இத்தனை நாள் திட்டம் போட்ட தன்னால், ஒரு கட்டு விறகு கொண்டுவர முடியாததால் குதிரை போய்விட்டது. மூன்று பேரும் சேர்ந்து திட்டப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி தஸ்லிமா" என்றான் இசக்கிராஜா.

"ம்."

"பாத்தியா? எனக்கு ஒரு நட்சத்திரம் விழுந்துட்டு! சட்டை மாறிட்டு! செகப்புச் சட்டை!"

அவன் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டு முதலில் பூங்கொடிதான் சிரித்தாள். "நல்லாத்தான்லே இருக்கு."

"குதிரை போச்சேடா!" என்று செல்வகணேஷ் புலம்பினான். "முழுசா முப்பது நாள்!" பிறகு, "ஆனா பூதம் நொண்டுனது நல்லா இருந்துச்சு. நாளைக்கு வாள் எனக்குத் தாங்க, நான் அதோட அடுத்த முழங்கால அடிக்கேன்" என்றான்.

"அப்போ வில்லு எனக்கு" என்றாள் பூங்கொடி. "மருந்து குடுத்துக் குடுத்து எனக்கும் அலுத்துப்போச்சு. நான்தான் வெளிய சொல்லல."

"விறகு?" என்று மெல்லக் கேட்டாள் தஸ்லிமா.

"நாளைக்கு நான் வெட்டுதேன்" என்றான் இசக்கிராஜா. "எல்லாரும் எங்கூட ஒரு தடவ வாங்க. காஞ்ச மரம் எங்க நிக்குதுன்னு காட்டுதேன்."

தஸ்லிமா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். முப்பது கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு பேர். ஒவ்வொரு நாளும் வேலை மாறும். எழுதி முடித்ததும் வழக்கம்போல் சந்தேகம் வந்தது. இந்த முறை அழிக்கவில்லை. மூன்று பேருக்கும் படித்துக் காட்டினாள். இசக்கிராஜா இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னான். மாற்றினாள்.

அதற்கப்புறம் யாரையும் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆறரை அடித்ததுமே நான்கு பேரும் வந்து நின்றார்கள். ஒருநாள் தீ அணைந்தது. ஒருநாள் கரண்ட் கம்பி மாற்றுகிறார்கள் என்று பூங்கொடி வீட்டில் எல்லாம் இருட்டு, போனிலும் சார்ஜ் இல்லை. மன்னிப்பு இரண்டும் தீர்ந்தன. ஆனாலும் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

முப்பதாம் நாள் வாள் பூங்கொடியின் கையில் இருந்தது. ஒரே வீச்சில் அவள் பூதத்தைச் சாய்த்தாள். வானத்திலிருந்து நீல றெக்கை விரித்துக் குதிரை இறங்கியது.

"தஸ்லி, எங்க இருக்க? ஓடி வா! குதிரை வந்துட்டு!" என்று கத்தினாள் பூங்கொடி.

"ஏட்டி, சீக்கிரம்! மொதல்ல யாரு ஏறுறதுன்னு சொல்லு!" என்றான் இசக்கிராஜா.

காட்டுக்குள்ளிருந்து தஸ்லிமாவின் குரல் மட்டும் வந்தது.

"இருங்க, இருங்க! ரெண்டே ரெண்டு காஞ்ச கட்டைதான் பாக்கி, வெட்டிட்டு வந்துருதேன்!"