அசல் இருக்குமிடம்

படத்திலிருந்த சிறுமியின் இடது ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. காலையில் ஸ்கேல் வைத்து அளவெடுத்தபோது இரண்டு ரிப்பனும் இறுக்கமாகத்தான் இருந்தன. தேவதர்ஷினிக்கு நன்றாக நினைவிருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்குக் கேட்டலாக் போடும் வேலை, அதுவும் தற்காலிகம். இறந்துபோன ஓவிய ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த இருநூறு அச்சுப் படங்களைத் திங்கட்கிழமைக்குள் கணினியில் ஏற்றிவிட்டால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை என்பதால் நூலகத்தில் வேறு ஆள் இல்லை. ஏழு வயது மகள் தமிழ்நிலாவைக் கூட்டிவந்து எதிர் மேசையில் கணக்கு நோட்டோடு உட்கார வைத்திருந்தாள்.

அச்சுப் படத்தைப் பதிவதில் ஒரு கண்டிப்பு உண்டு. இது நகல் என்று எழுதினால் போதாது. அதன் அசல் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். நாற்காலியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கும் இந்தப் படத்தில் வரைந்தவர் பெயர் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, முகம்கூடச் சரியாக விழவில்லை. காலையிலேயே நூலகர் பிராங்க்ளினுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அசல் எங்கன்னு தெரியலன்னு போட்டா, ஆய்வுக்கு வாரவக நோண்டி நோண்டிக் கேப்பாக. நம்ம லைப்ரரியிலயே இருக்குன்னு போட்டுட்டுப் போம்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

அப்படியே போட்டாள். கடுகளவு பொய்.

இப்போது ரிப்பன். அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகளின் இடது ரிப்பனும் அவிழ்ந்து தோளில் கிடந்தது.

கீழே பழனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போக, அது போனபிறகு வந்த அமைதியில் அலமாரிகளின் பழைய பசை வாடையும் மகளின் பென்சில் தாளில் உரசும் சத்தமும் மட்டும் மிஞ்ச, அவள் மெல்லக் குனிந்து படத்தைப் பார்த்தபோது அதில் முகம் தெளிவாக விழுந்திருந்தது. மூக்கின்மேல் அம்மைத் தழும்பு. முன்பல் விழுந்த ஓட்டை. சின்னாளப்பட்டியில் போன மாதம் மகளுக்கு எடுத்த மஞ்சள் சுங்குடிப் பாவாடை. அசல் இந்த நூலகத்திலேயே இருப்பதாகக் காலையில் அவள்தான் எழுதியிருந்தாள்.

"அம்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"செத்த நேரம் இருடா தங்கம். இந்தா வாரேன்."

வேறொருத்தியாக இருந்தால் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியிருப்பாள். இவள் கேட்டலாக்காரி. தப்பு பதிவில்தானே இருக்கிறது, பதிவைத் திருத்திவிட்டால் தீர்ந்தது என்று உட்கார்ந்தாள். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் இரண்டு முறை தப்பான பதிவைத் திறந்தாள். பதிவை அழிக்க பிராங்க்ளினின் பாஸ்வேர்டு வேண்டும். அவர் போனை எடுக்கவில்லை. அசல் இருக்குமிடத்தை மாற்றலாம். ஆனால் எந்த ஊரைப் போடுவது? போட்ட ஊருக்குப் பிள்ளை போய்விட்டால்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. படம் நகலே இல்லை என்று போட்டால்? நகல் இல்லையென்றால் அது தன் பிள்ளையைப் பார்த்து எடுத்ததாக ஆகாதே. எவ்வளவு சுலபம் என்று அழுகையோடு சிரிப்பும் வந்தது.

'நகல்' என்பதை அழித்தாள். 'அசல்' என்று அடித்தாள். சேமித்தாள்.

பென்சில் சத்தம் நின்றது.

"நிலா?"

எழுந்திருக்கப் படத்தின்மேல் கையை ஊன்றினாள்.

கைக்கடியில் படம் சூடாக இருந்தது. ஈரம். வேர்வை. அதற்குள் ஒரு வாய் திறந்து திறந்து மூடியது. முன்பல் இல்லாத வாய். சத்தம் மட்டும் வரவில்லை.

பார்க்க முடியவில்லை. படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். எழுந்தாள்.

எதிர் மேசையில் பிள்ளை உட்கார்ந்தபடியே இருந்தாள். அதே பாவாடை. அதே முகம். கன்னத்தைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது. அச்சு மை வாடை. பக்கவாட்டில் போய் நின்றாள்.

பக்கவாட்டில் பிள்ளை இல்லை. ஒரு கோடு.

ஜன்னல் காற்று அடித்தது. பிள்ளை ஓரத்தில் மடங்கி, நாற்காலியிலிருந்து மெல்ல எழும்பி, தரையில் குப்புற விழுந்தது. முதுகுப்பக்கம் முழுக்க வெள்ளை.

கவிழ்த்துப் போட்ட படத்தின் அடியிலிருந்து, ஒரு சின்னக் கை மேசைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது.