ஐஸ்பெட்டியோடு வந்த கொழுந்தன்

"கொன்னுட்டியேடி... என் தம்பியைக் கொன்னுட்டியே!"

"அளந்து பேசுங்க! ஒரு வேளை மாத்திரைகூட நான் தவறவிட்டதில்ல!"

"மாத்திரையா குடுத்த? சுண்ணாம்புக் கட்டியைக் குடுத்திருப்ப!"

கட்டிலில் மரக்கடைக்காரர் கிடந்தார். உதடு நீலம். வாய் பாதி திறந்து... கடைசி மூச்சை இன்னும் தேடுவது போல.

காலமெல்லாம் மரத்தூளை இழுத்த நுரையீரல். வீசிங்! ஸ்டீராய்டு மாத்திரைதான் சாப்பாடு.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் மனைவி. அந்தப் பக்கம் அவருடைய அக்காக்காரி. நடுவில் பிணம் மட்டும் இல்லையென்றால் குடுமிப்பிடியே நடந்திருக்கும்.

"மாத்திரை கேக்கலன்னு கொழுந்தனார்கிட்ட சொன்னேன். 'இன்னும் ரெண்டு கூட்டிக் குடுங்க அண்ணி'ன்னாரு. குடுத்தேன். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த புது ஊசியையும் அவரேதான் போட்டாரு!"

வாசலில் செருப்புச் சத்தம்.

கொழுந்தனாரே வந்துவிட்டார். செத்தவருக்கு ஒரே தம்பி. ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. தெரு வைத்த பெயர், விஞ்ஞானி.

கையில்... ஐஸ்பெட்டி!

"ரெண்டு பேரும் நிறுத்துங்க! அக்கா, அண்ணி மேல சந்தேகமா? போஸ்ட்மார்ட்டம் பண்ணிடலாம். நானே போலீசுக்கு போன் போடறேன்."

அக்காக்காரி முந்தானையை உதறிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த தெரு உருகியது. அண்ணன் உடம்பு கெடக் கூடாதென்று ஐஸ்கூடக் கொண்டு வந்திருக்கிறானே! கொழுந்தன் என்றால் இவனல்லவா கொழுந்தன்!

தெருவுக்கு எதிலும் அவசரம்தான்.

போஸ்ட்மார்ட்டம் டாக்டர் கையுறையைக் கழற்றினார். நாற்பது வயது, கல்யாணமாகாதவர். பிணவறை வாசனையைச் சகிக்கிற பெண் அமையவில்லை.

"என்ன டாக்டர், சுண்ணாம்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரத்தத்துல ஸ்டீராய்டு கொட்டிக் கிடக்கு சார். அந்தம்மா ஒழுங்காத்தான் குடுத்திருக்காங்க."

"அப்புறம் ஏன்யா செத்தான்?"

"மருந்து ரத்த வெள்ளணுவுக்குள்ள போயிருக்கு. உட்கரு வரைக்கும் போயிருக்கு. ஆனா, அங்க அது உட்கார வேண்டிய நாற்காலியில வேற ஒரு புரதம் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு! எவ்வளவு மருந்து வந்தாலும் நின்னுட்டுத் திரும்ப வேண்டியதுதான். பிறவியிலேயே வர்றது. அபூர்வம்."

"அப்ப விதின்னு எழுதிடவா?"

"அவசரப்படாதீங்க. அதுக்குத்தான் ஸ்டீராய்டு இல்லாத ஊசி எழுதிக் குடுத்திருக்காங்க. தொடையில குத்தின தடம் இருக்கு. ரத்தத்துல அந்த மருந்து... துளிகூட இல்ல!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"ஊசி போட்டவன் வெளிய பெஞ்சுலதான் இருக்கான் சார். இடது நுரையீரல்ல ஒரு துண்டு வேணுமாம். மூணு தடவை கேட்டுட்டான்."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து விஞ்ஞானி பக்கத்தில் உட்கார்ந்தார். ஐஸ்பெட்டி மீது தாளம் போட்டார்.

"அண்ணி போன்ல என்ன சொன்னாங்க தம்பி?"

"மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்கன்னாங்க சார்."

"செத்துட்டாருன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார். வந்துதான் பார்த்தேன்."

"மூச்சு வாங்குறவனுக்கு ஆக்சிஜன் கொண்டு வருவாங்க. நீ ஏன்டா ஐஸ் கொண்டு வந்த?"

விஞ்ஞானியின் முகம் வெளுத்தது.

ஆராய்ச்சிக் கூடத்து ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். அண்ணனுக்குப் போட வேண்டிய ஊசி மருந்து, சீல் உடையாமல் வரிசையாக நின்றது. தொடையில் ஏறியதெல்லாம் வெறும் உப்புத் தண்ணீர்!

"அண்ணன் ரத்தத்தை முன்னாடியே டெஸ்ட் பண்ணிட்டேன் சார். அந்தப் புரதத்தை நுரையீரல்லேர்ந்து யாருமே எடுத்துக் காட்டினதில்ல! நான்தான் முதல் ஆளா..."

"ஒரு துண்டு குடுன்னு அண்ணன்கிட்ட கேட்டியா?"

"...இல்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பான்டா, மடையா!"

சிறை ஈரம் யாரையும் விடாது. மழைக்காலம் தொடங்கியதும் விஞ்ஞானிக்கு மூச்சு வாங்கியது.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அதே ரத்தம். அதே நாற்காலி. அதே புரதம்!

"ஸ்டீராய்டு எனக்குக் கேக்காது டாக்டர்... வேற ஊசி... போடுங்க..."

"கைதியெல்லாம் எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றான்!" என்ற சிறை டாக்டர், பார்க்க வந்திருந்த அண்ணியிடம் திரும்பினார். "ஏம்மா, உங்க குடும்பத்துல ஸ்டீராய்டு யாருக்காவது கேக்காமப் போயிருக்கா?"

விஞ்ஞானி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணால் கெஞ்சினான்.

கடைசி ராத்திரி புருஷனும் இப்படித்தான் பிடித்திருந்தார்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அப்படியெல்லாம் எதுவும் இல்லையே டாக்டர். இன்னும் ரெண்டு கூட்டிக் குடுங்க!"

விடிவதற்குள் விஞ்ஞானியின் கதை முடிந்துவிட்டது.

அக்காக்காரி வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். அடுத்த வருஷமே அண்ணி மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குக் குடிபோனாள். மாப்பிள்ளை யார்? போஸ்ட்மார்ட்டம் டாக்டர்தான்! அவளுக்கு அந்தப் பிணவறை வாசனை பழகிவிட்டதாம்.

கல்யாண விருந்தில் ஐஸ்கிரீம் வந்தது... கேஸ் முடிந்து திரும்பி வந்த அதே ஐஸ்பெட்டியில்! பாதித் தெரு வேண்டாமென்று எழுந்து போனது.

மீதித் தெரு, அவர்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டது!