கணக்கில் வராத வீடு

"ஒரு ஆள்கூட விடுபடல நர்சம்மா! ஊரே இறங்கியாச்சு!" என்று மார்தட்டினார் பெரியதனக்காரர் கருத்தணன்.

அடைமழையில் மலை சரிந்து, மேலக்கரட்டுச் சனம் மொத்தமும் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் குவிந்திருந்தது. கோழிக்கூண்டு வந்திருந்தது, சாமிப்பெட்டி வந்திருந்தது, கருத்தணனின் பித்தளை அண்டாகூட வந்திருந்தது. நிறைமாதக்காரி காமாயியை மட்டும் காணோம்! மாதாமாதம் மலையேறிப் போய் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸ் தவமணிக்கா அது தெரியாது?

"காமாயி எங்கப்பா?"

புருஷன் சின்னக்காளை தரையைப் பார்த்தான். அவன் தங்கை வீராயிதான் வாயைத் திறந்தாள்.

"மதினி முட்டுவீட்டுல இருக்குக்கா. லேசா வலி கண்டதும் கொண்டுபோயி விட்டாக. லாரி வந்தப்ப யாரும் கூப்பிடல."

முட்டுவீடு ஊருக்கு வெளியே இருக்கும் ஒற்றைக் குடிசை. தூரமானவளும் பிள்ளை பெறுகிறவளும் அங்கேதான் கிடக்க வேண்டும், தொட்டால் தீட்டு. வீடு வீடாகத் தலை எண்ணிய மகராசன்கள் அதை ஒரு வீடாகவே எண்ணவில்லை!

"சாமிப்பெட்டி இருக்குற வண்டியில தீட்டுக்காரிய எப்படித்தா ஏத்துறது?" என்றார் கருத்தணன், பெரிய நியாயம் சொல்பவரைப் போல.

அவர் முகத்தில் காறித் துப்பலாம்தான். ஆனால் அதற்கு நேரமில்லை. தவமணி பிரசவப் பையைத் தோளில் மாட்டினாள்.

"சூசை, கயிறு எடுத்துக்க! வீராயி, நீ வழி காட்டு!"

ஆம்புலன்ஸ் டிரைவர் சூசை கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். மூவரும் ஓடையை இடுப்பளவு தண்ணீரில் கடந்து, சரிவில் தொற்றி ஏறினார்கள். பாதை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. செத்த ஆடு ஒன்று ஊதிக் கிடந்தது. கால் முழுக்க அட்டைகள்!

"சிஸ்டர், கால்ல ரத்தம்!"

"குடிச்சிட்டுப் போகட்டும் விடு சூசை. அட்டை வயிறு ரொம்புனா விழுந்துரும். கீழ இருக்கானுகளே, அவனுகளுக்கு அட்டையே தேவலாம்."

முட்டுவீட்டின் ஒரு சுவர் விழுந்திருந்தது. உள்ளே கணுக்கால் அளவு சாணிச்சேறு, மூக்கைத் துளைக்கும் நாற்றம். ஊரே விட்டுப்போன அந்தக் குழியில், உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி நின்றிருந்தாள் காமாயி. தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்போதும் அவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"சூசைண்ணே, தள்ளி நில்லுங்க. தீட்டு."

தவமணிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "தீட்டாவது மண்ணாவது! பேசாம முக்கு தாயி!"

சூசை கதவைப் பெயர்த்துச் சேற்றின் மேல் போட்டான். அதன் மேல் ரப்பர் ஷீட்டை விரித்து, காமாயியைப் படுக்க வைத்து, கையுறை மாட்டி உட்கார்ந்தாள் தவமணி. தலை வந்தது, தோள் வந்தது, பெண் பிள்ளை! ஆனால் அழவில்லை. துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தாள். மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தாள். மறுபடியும் தேய்த்தாள். "அழுடி! வாயத் திறந்து அழுடி!" வீல் என்று ஒரு சத்தம் குடிசையை நிறைத்தது. ரத்தப்போக்குக்கு ஊசி போட்டு, தொப்புள்கொடியை அறுத்து, நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகுதான் தவமணிக்கு மூச்சே வந்தது.

மேலே மலை உறுமியது. "சிஸ்டர், கிளம்பணும்!"

போர்வையை மூங்கிலில் டோலியாகக் கட்டிக் காமாயியைத் தூக்கிக்கொண்டார்கள் சூசையும் வீராயியும். பிள்ளை தவமணியின் நெஞ்சில் கட்டிய தூளியில் தொங்கியது. ஓடைக்கு வந்தால், தண்ணீர் மார்பளவு ஏறிச் சுழித்துக்கொண்டிருந்தது! அக்கரையில் ஊர் ஆம்பளைகள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். சூசை காமாயியின் இடுப்பைக் கயிற்றில் பிணைத்து, மறுமுனையை அக்கரைக்கு வீசினான். கயிறு சின்னக்காளையின் காலடியில் போய் விழுந்தது.

யாரும் குனியவில்லை. சின்னக்காளை கருத்தணனின் முகத்தைப் பார்த்தான்.

"அவரு மூஞ்சியில என்னடா எழுதியிருக்கு?" என்று அலறினாள் தவமணி. "ஒம் பொண்டாட்டிடா! ஒம் பிள்ளைடா! கயித்தப் பிடிடா, மானங்கெட்டவனே!"

நெஞ்சில் இருந்த பிள்ளையும் சேர்ந்து கத்தியது. அந்தக் குரல் கேட்டதும் சின்னக்காளை ஒரு குலுங்கு குலுங்கினான். பாய்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் பிடித்தார்கள். காமாயி கரை சேர்ந்தாள். திரும்ப வீசிய அதே கயிற்றைப் பற்றிப் பிள்ளையோடு தவமணியும் மற்றவர்களும் கரையேறினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வழிமறித்தார் கருத்தணன். "தெளிச்சிட்டு உள்ள போங்கத்தா. தீட்டு."

தவமணி செம்பை வாங்கிக்கொண்டாள். "கைய நீட்டுங்க பெரியவரே."

புரியாமல் நீட்டினார். அவர் கையில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவுங்க. அழுக்கு அங்கதான் இருக்கு."

பெண்கள் எழுந்து வந்து காமாயியைத் தொட்டுத் தாங்கி உள்ளே அழைத்துப் போனார்கள். படியில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே தவமணி சொன்னாள்: "இனிமே தலை எண்ணுனா, முட்டுவீட்டுல இருந்து எண்ண ஆரம்பிங்க."