மலையம்மாளின் பெட்டிச்சேலை

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பிடித்த டவுன் பஸ் வேலாங்குளம் விலக்கில் தமிழ்வாணியை இறக்கிவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நல்ல உச்சி வெயில். ஆறு மாத வயிற்றோடு கண்மாய்க்கரையில் நடந்து பூர்வீக வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கே.கே. நகரில் லிப்டும் ஸ்கூட்டியுமாகப் பழகிய கால்கள் வேறு எப்படி இருக்கும்!

"ஒத்தையிலயா வந்த? மாப்ள எங்க?" என்றபடி தங்கப்பொண்ணு தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். தமிழ்வாணிக்கு அப்பாவின் அக்கா. அந்த வீட்டில் தனியாக இருப்பவள்.

"அவுகளுக்கு டூட்டி அத்தை. அப்பத்தாவப் பத்தி நாலு விசயம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். பேரு வைக்கப் போறோம், ஆளு யாருன்னே தெரியாம வச்சா நல்லாவா இருக்கும்?"

தங்கப்பொண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா ஆத்தா, ஒன்னயப் பாக்கத்தான் வந்திருக்கா" என்றாள்.

உள்ளறையில் ஆத்தா இருந்தாள். அதாவது, ஆத்தா மலையம்மாளின் ஓலைப்பெட்டி இருந்தது. புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணை வீட்டுச்சாமியாக்கிக் கும்பிடுவது அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். பெட்டிக்குள் புதுச்சேலையும் வளையலும் மஞ்சளும் வைப்பார்கள். தை மாதம் படையல் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, போன வருஷத்துச் சேலையை வீட்டுப் பெண் ஒருத்திக்கு உடுத்தக் கொடுப்பார்கள். மடிப்புக் கலையாமல் வைத்த சேலை அந்த வீட்டில் மட்டும் கசங்கித்தான் வெளியே வரும். இடுப்பில் செருகிய சுருக்கம் அப்படியே இருக்கும். வேர்வை வாடைகூட அடிக்கும். "எங்க ஆத்தா கட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பா" என்று தங்கப்பொண்ணு ஊரெல்லாம் பெருமையடிப்பாள்.

போன தையில் அந்தச் சேலை தமிழ்வாணிக்கு வந்தது. இரண்டு முறை கரு தங்காமல் போய், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து சலித்திருந்த நேரம். பெட்டிமுன் விழுந்து, வெட்கத்தை விட்டுக் கதறினாள். "அப்பத்தா, நீயே என் வயித்துல வந்து பொறந்துரு. ஒன் பேரையே வைக்கிறேன்." அடுத்த மாதமே குளிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையும் இதுவரை ஒரு குறையுமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் மலையம்மாளுக்கு ஒரு போட்டோ கிடையாது. தெரிந்த கதையும் கையளவுதான். பஞ்ச காலத்தில் தேயிலை எஸ்டேட்டுக்குக் கூலிவேலைக்குப் போனாள், காய்ச்சல் கண்டாள், தந்தி வந்தது, முடிந்தாள்.

"பரண்ல பழைய காகிதம் கீகிதம் ஏதாச்சும் கெடக்குதா அத்தை?"

தங்கப்பொண்ணு பரணை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு பிஸ்கட் டின்னு கெடக்கு. எங்க அய்யா அதத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அப்படி என்ன இருக்கு?"

குரல் தாழ்ந்தது. "செத்தவ போட்ட கடுதாசி."

தமிழ்வாணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டின்னை இறக்கித் திறந்தபோது சிரிப்பு போய்விட்டது. சருகாகிப்போன வேப்பிலைக்கு நடுவே, ஒட்டு பிரிக்காத இன்லேண்ட் கடிதங்கள். எல்லாமே தாத்தா சங்கிலியின் பெயருக்கு வந்தவை. தந்தி வந்த பிறகு வந்தவை. பிரிக்கவும் பயம், எறியவும் பயம் என்று தாத்தா வேப்பிலை போட்டு மூடி வைத்திருக்கிறார்.

அவள் ஒன்றைப் பிரித்தாள். எழுத்துத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தாள் மலையம்மாள்.

'காய்ச்சல் தேறிவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்றுதான் கங்காணி அய்யாவிடம் சொல்லித் தந்தி அடிக்கச் சொன்னேன். எனக்குக் கருமாதி செய்துவிட்டதாக ஊர் ஆள் ஒருவர் இங்கே வந்து சொன்னார். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.'

தமிழ்வாணி நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, அந்தத் தந்திய யாரு படிச்சது?"

"அத எதுக்குப் படிக்கணும்? தந்தின்னாலே சாவுதான? தபால்காரரு வாசல்ல நின்னு தந்தின்னு சொன்னதுமே பொம்பளைக மாரடிச்சு அழ ஆரம்பிச்சிட்டாக. சாவுக் காகிதத்த வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு முச்சந்தியிலயே கிழிச்சுப் போட்டாக."

ஊரே கூடிச் செய்த தப்பு. ஒருத்தருக்காவது இங்கிலீஷ் தெரிந்திருந்தால், ஒருத்தராவது அழுகையைக் கொஞ்சம் ஒத்திப்போட்டிருந்தால், மலையம்மாள் பொங்கலுக்குள் வீடு வந்து சேர்ந்திருப்பாள்.

வரத்தான் செய்திருக்கிறாள். அடுத்த கடிதத்தில் இருந்தது.

'கண்மாய்க்கரை தாண்டி வாசல் வரைக்கும் வந்தேன். பேய் வந்திருச்சு என்று கல்லால் அடித்தார்கள். தங்கப்பொண்ணு, தங்கப்பொண்ணு என்று கூப்பிட்டேன். என் பிள்ளைகளை ஒரு தடவை கண்ணில் காட்டவில்லை.'

தங்கப்பொண்ணு வாயில் முந்தானையை வைத்து அழுத்தினாள். "கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா. பேய்க்கு எல்லாப் பேரும் தெரியும்னாக. அய்யா என் கண்ணப் பொத்திக்கிட்டாரு. ஆத்தாவா அது? என்னயப் பெத்தவளா?" என்று தரையில் சாய்ந்து அழுதாள். தமிழ்வாணி அவளைத் தாங்கி உட்கார வைத்தாள்.

கடிதத்தில் இருந்த எஸ்டேட் பெயரைக் கணவன் சிவபாண்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, விசாரிக்கச் சொன்னாள். அத்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து உட்கார்ந்திருந்தபோது அவன் போன் வந்தது.

"வாணி, அங்க ஆபீஸ்ல பேசிட்டேன். மலையம்மா பாட்டின்னா எல்லாருக்கும் தெரியுதுப்பா. அங்கயே கூலியாளுக லயத்து வீட்லதான் இருந்திருக்காக. வேற கல்யாணம்கூடப் பண்ணலையாம். நாம கொஞ்சம் லேட்டு. போன மாசம்தான் தவறியிருக்காக. டெத் சர்ட்டிபிகேட் போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு."

படத்தைப் பார்த்தாள். பெயர், கணவர் பெயர் சங்கிலி, சொந்த ஊர் வேலாங்குளம். இறந்த தேதி, போன ஆடி.

போன ஆடி.

தையில் அவள் பெட்டிமுன் விழுந்து கதறியபோது, மலையம்மாள் எங்கோ மலைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, உயிரோடு இருந்திருக்கிறாள்.

அப்படியானால் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் சேலை வாங்கிக் கட்டியது யார்?

"அத்தை," என்றாள். "அப்பத்தா போன மாசந்தான் செத்துருக்கா. அப்ப தையில நான் யாரக் கூப்பிட்டேன்?"

தங்கப்பொண்ணு அழுகையை நிறுத்திவிட்டாள்.

உள்ளறையில் சத்தம் கேட்டது.

துவைத்த சேலையை உதறுகிற சத்தம். ஒரு தரம். மறுபடி ஒரு தரம். பிறகு கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. மஞ்சள் வாடை கூடம் வரைக்கும் வந்தது, கூடவே வேர்வை வாடையும்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ கோழியை விரட்டினார்கள்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தங்கப்பொண்ணுதான் கதவைத் தள்ளினாள்.

பெட்டி திறந்திருந்தது.

உள்ளே சேலை இல்லை. அது உத்தரத்தில் தொங்கியது. பிள்ளையைப் போடுவதற்குத் தூளி கட்டுவோமே, அப்படி இரண்டு தலைப்பும் சேர்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ இப்போதுதான் ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்ட மாதிரி.

தமிழ்வாணியின் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பக்கமாகப் புரண்டது.

அன்றைக்கே பெட்டியையும் சேலையையும் கட்டிக் கால்வாயில் ஓடுகிற தண்ணீரில் விட்டார்கள். வீட்டைப் பூட்டி, தங்கப்பொண்ணைக் கையோடு கே.கே. நகருக்குக் கூட்டிவந்தாள் தமிழ்வாணி. ஒரு வாரம் கழித்து வைகைக்கரையில் மலையம்மாளுக்கு உள்ளபடியே கருமாதி நடந்தது. "ஆத்தா, கதவத் தொறக்காமப் போயிட்டேனே" என்று தங்கப்பொண்ணு மணலில் புரண்டு அழுததைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தமிழ்வாணி மட்டும் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது தன் பிள்ளைதான் என்று தனக்கே அடிக்கடி சொல்லிக்கொண்டாள். மார்கழிக்கு முன்னே பெண்குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், நல்ல குரல். அவள் கண்ணுக்கு அது வெறும் பிள்ளையாகத்தான் தெரிந்தது. முதன்முதலாக அது பால் குடித்த அன்று அவள் நிம்மதியாக அழுதாள்.

மலையம்மாள் என்று பெயர் வைப்பதில்லை என முடிவாயிற்று. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குத்தானே வந்தது அது? வேறு பெயரைத் தமிழ்வாணி மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். சிவபாண்டி எத்தனையோ தரம் கெஞ்சியும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதவில்லை, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவுமில்லை. காற்றுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று அப்படி ஒரு வைராக்கியம்.

பெயர் வைக்கிற நாள் காலை. ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி வாசம், ஃபேன் சத்தம், ஆளாளுக்குப் பேச்சு. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட தங்கப்பொண்ணின் காதோடு வாயை வைத்து, அப்போதுதான் முதல்முறையாகத் தமிழ்வாணி அந்தப் பெயரைச் சொன்னாள். அத்தை தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். வழக்கப்படி குழந்தையின் காதில் மூன்று முறை மெல்லச் சொல்ல வேண்டும்.

முதல் முறை சொன்னாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை சொன்னாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏனோ நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் முறை சொல்லிவிட்டு அத்தை நிமிர்வதற்குள், ஆளில்லாத படுக்கையறையிலிருந்து ஒரு பெண்குரல், கைவேலையாக இருப்பவள் பதில் சொல்கிற தோரணையில், வெகு சாதாரணமாகக் கேட்டது.

"இந்தா, வாரேன்."