திருத்தம் ஏற்கப்பட்டது

பதினான்காம் பதிவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ஒரு முறை அல்ல. இரண்டு முறை.'

அவள் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மேலாளர் தாளைச் சுருட்டி அவள் முகத்தில் எறிந்ததை முந்தாநாள் அவள்தான் எழுதியிருந்தாள், நீல மையில், இதே சமையலறை மேஜையில். நோட்டு வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அலமாரியில், சானிட்டரி நாப்கின் உறைக்குள் இருந்தது. உலகத்தில் எந்த ஆண்பிள்ளையும் தானாகக் கை விடாத இடம் அது ஒன்றுதான் என்பது அவளுடைய கணக்கு.

"ஏங்க, என் நோட்டுல ஏதாவது கிறுக்கினீங்களா?"

"எது, உன் மேனேஜர் புராணமா?" கணவன் செல்போனிலிருந்து தலையெடுக்கவில்லை. "எனக்கும் தனியா ஒண்ணு போட்டு வச்சிருக்கியா என்ன?"

இரண்டு முறையா? ஆமாம். முதல் தாளைப் பொறுக்கக் குனிந்தபோது இரண்டாவது பிடரியில் வந்து விழுந்தது. அவள்தான் மறந்திருந்தாள். திருத்தம் சரி. சரியென்று மனம் சொன்ன அதே நொடியில் கை ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டிருந்தது.

பன்னிரண்டு வருடப் பழக்கம். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, எறும்பு எழுத்தில் ஒரு சீட்டு, யாரும் படிக்காத அந்தச் சீட்டின் பிழைகளைத் திருத்துவது அவள் வேலை. திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் விழுந்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதன் பிறகு முறையீடு கிடையாது, அச்சு ஓடிவிடும். ஆறு வயது மகள் முதன்முதலில் எழுதப் பழகியதே அம்மாவின் சுருக்கொப்பத்தைத்தான். சுவரெல்லாம் அதுதான்.

மேலாளரின் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 'மனிதநேயத் தலைமைப் பண்பு' சான்றிதழ் தொங்கியது. இரண்டு நாள் பயிற்சி, மதிய உணவு உட்பட. அதில் தேதி தவறென்று அவரே சிவப்பு மையில் திருத்தி மறுபடி சட்டம் போட்டிருந்தார். வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். அது பல்லில் மோதும் சத்தம் முதலில் வரும், பிறகு வாசனை, கடைசியாக அவர். தினமும் அவளை நடு ஹாலில் நிறுத்திப் பக்கவிளைவுகளைப் படிக்கச் சொல்வார்.

"சத்தமா. கடைசி மேஜைக்குக் கேக்கணும்."

"வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல், அரிதாக மரணம்..."

"அரிதாகன்னுதானே போட்டிருக்கு? அதுக்கு ஏன்மா குரல் நடுங்குது? ஓ, உங்கம்மா ஞாபகமா? அதுக்குத்தான் மூணு நாள் லீவு குடுத்தேனே. எங்கம்மாவை நான் அரை நாள்ல முடிச்சிட்டு வந்தேன்."

ஹால் சிரித்தது. சம்பளம் வாங்குகிற ஹால், சிரிக்காமல் என்ன செய்யும்?

இன்னும் மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். அதற்குள் தேதியிட்ட முப்பது பதிவு வேண்டும், ஒரு சாட்சி வேண்டும். பக்கத்து நாற்காலி அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். ஏசிக்குப் பயந்து வருடம் முழுக்கப் பச்சை ஸ்வெட்டரில் இருப்பவள். ஸ்வெட்டர் அக்கா என்றுதான் பெயர்.

"நான் சொல்றேண்டி. வேலை போனா போகுது, இந்தக் குளிராவது விடும்."

அதன் பிறகு திருத்தங்கள் தினமும் காலையில் வந்தன. '10.40 அல்ல, 10.42.' 'சிரித்தவர்கள் மூவர் அல்ல, ஐவர்.' 'இதைவிட மோசமாகச் சொன்னேன். நினைவுபடுத்திக்கொள்ளவும்.' தன்மேல் வரும் புகாரில்கூடப் பிழை இருக்கக்கூடாதாம் அந்த மனிதருக்கு. பக்கங்களில் புதினா வாசனை. வீட்டுக்குள் எப்படி வந்தது, யார் கை? இரவில் எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் உண்மை. உண்மை கூடினால் தன் பக்கம்தானே பலம்? விசாரணைக்கு முந்தைய வியாழக்கிழமை காலை, அடுப்பில் பால் பொங்க, மகள் ஷூ லேஸைக் கட்டச் சொல்லிக் கத்த, கண்ணில் பட்ட சிவப்புக்கெல்லாம் நின்றபடியே சுருக்கொப்பம் போட்டுத் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. மேஜை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"அண்ணா, அக்கா இன்னும் வரலையா?"

எதிர் மேஜைக்காரர் நிமிர்ந்தார். "எந்த அக்கா?"

"ஸ்வெட்டர்..."

"அது ரொம்ப நாளா கிடக்கு. குளிருதுன்னா எடுத்துப் போட்டுக்கங்க."

கையை உள்ளே விட்டாள். சூடு. உடம்புச் சூடு.

விசாரணைக்காக எடுத்து வந்த நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு பதிவின் கீழும் 'சாட்சி'. பக்கத்தில் இருந்த பெயரின் மேல் ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் முனையில் ஒரு சுழி. நீக்கிவிடு என்பதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் குறி. முப்பது சுழி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல மையில் அவளுடைய சுருக்கொப்பம்.

அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பச்சை மட்டும் வந்தது.

பின்னால் மிட்டாய் பல்லில் மோதியது.

"நல்லா எழுதியிருக்கியேம்மா. ஒரு ஆள்தான் அதிகமா இருந்துது. நீயே ஒத்துக்கிட்டே."

"நான் பாக்கல சார்."

"பாக்காம போட மாட்டியே. பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாதா?" அவர் முதல் பக்கத்துக்குப் புரட்டினார். 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர். அதன் மேல் சிவப்புக் கோடு. முனையில் சுழி. பக்கத்தில் வெறும் வெள்ளை. "இதை மட்டும் விட்டுட்டே." பேனாவை நீட்டினார்.

"மாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. சிரித்தார். "அவசரமில்ல. வீட்டுல போட்டாலும் போதும்."

ஓடினாள். எப்போது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள் என்று தெரியவில்லை. வீட்டில் நல்ல வெயில். மதியத்தோடு பள்ளி விட்டிருந்தது. கணவன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டைச் சமையலறை மேஜையில் போட்டாள். கொளுத்த வேண்டும். தீப்பெட்டி எங்கே? மேல்தட்டில். எட்டவில்லை. எம்பினாள். கிடைத்தது.

டக்.

பல்லில் மிட்டாய்.

திரும்பினாள். மேஜையில் மகள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. கையில் நீலப் பேனா. நோட்டின் முதல் பக்கம்.

"அம்மா மாதிரியே போட்டேன்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள் குழந்தை. அவளைப் பார்க்கவில்லை. அவள் வழியாகச் சுவரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது, யாரிடம் சொன்னோம் என்று தெரியாததுபோல.

"கண்ணு!"

சத்தம் வரவில்லை.

அவள் கழற்றவில்லை. ஆனாலும் பச்சை ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கியது.

"அப்பா, இது யாரோடது?"

"எது?" ஹாலிலிருந்து குரல். "அதுவா, ரொம்ப நாளா கிடக்கு. குளிருதுன்னா எடுத்துப் போட்டுக்க."

குழந்தை ஒரு கையை உள்ளே விட்டது. பிறகு இன்னொரு கை. மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. பொறுமையாக, ஒவ்வொன்றாக, பித்தானைப் போட ஆரம்பித்தது.

"உள்ள இன்னும் சூடா இருக்குப்பா."